அப்பாவின் சீஆர் கொப்பியில் ஒரு பக்கம்: கிழிக்கலாமா?

கேள்வி: நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். என் அப்பா வன்னியில் ஆஸ்பத்திரிச் சிற்றூழியராக வேலை செய்தவர். 2009இல், போரின் கடைசி மாதங்களில், புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியை விட்டு மாத்தளனுக்குப் போனபோது பதிவேடுகள் விடுபட்டுப் போயின. அதனால் கொண்டுவரப்பட்ட காயக்காரரின் விபரத்தை அப்பா ஒரு சீஆர் கொப்பியில் (தடித்த அட்டைக் கொப்பி) எழுதி வைத்தார். பேர், வயது, ஊர், காயம் எங்கே என்று இருக்கும். கப்பலில் அனுப்பியவர்களுக்குப் பக்கத்தில் 'க', செத்தவர்களுக்குப் புள்ளடி. ஏப்ரலில் அம்மா காயப்பட்டுக் கப்பலில் போனபோது அதைத் துணிப்பைக்குள் வைத்துக் கொண்டுபோனார். அப்பா இப்போது இல்லை. கொப்பி போன வருசம் என்னிடம் வந்து சேர்ந்தது.

தம்பி அதைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடச் சொல்கிறான். ஒரு அமைப்பு அசலையே தரச் சொல்லிக் கேட்கிறது. கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவுக்குப் பயம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பக்கத்தில், நந்திக்கடல் தண்ணிக்குள்ளால் ஆமி பக்கம் போக வெளிக்கிட்டபோது எங்கள் பெடியளே (புலிகள்) சுட்டுக் காயப்பட்ட 4 பேரின் பேரை அப்பா எழுதியிருக்கிறார். அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டு மற்றதைக் கொடு என்கிறார் பெரியப்பா. அது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிழிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தை மட்டுமில்லை, ஒன்றும் எழுதாத வெறும் பக்கத்தையோ, பின்னட்டையில் உங்கள் அப்பா ஏதாவது கணக்குப் பார்த்திருந்தால் அந்த இடத்தையோகூட யாரையும் தொட விடாதீர்கள்.

போர்க்கால ஆவணங்களைச் சேகரித்து வழக்குக்குத் தயார்செய்யும் சட்டத்தரணியாக இதைச் சொல்கிறேன். இப்படி ஒரு கொப்பி நீதிமன்றத்துக்கு வந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுத்தை வாசிக்க முன்னரே தாளை எண்ணுவார். சீஆர் கொப்பி நூலால் தைத்தது. நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் அதனுடைய மறுபாதி, பல பக்கம் தள்ளி, பிடிமானம் இல்லாமல் தளர்ந்து நிற்கும். கிழித்த இடத்தில் தையலுக்குள் ஒரு நார் மிஞ்சும். எழுத்தின் அழுத்தம் அடுத்த தாளில் பதிந்திருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும், கிழித்த பக்கத்தில் என்ன இருந்தது என்றே வாசித்துவிடக்கூடும். அதன்பிறகு கேள்வி ஒன்றுதான்: "இதை எடுத்தவர்கள் வேறு எதைச் சேர்த்தார்கள்?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் மற்றப் பக்கங்களில் உள்ள அத்தனை பேரும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடுவார்கள்.

பெரியப்பா தவறான எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இத்தனை வருசமாக எங்கள் சாவுகளை உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை என்ற வேதனையில் இருக்கும் மனிதருக்கு, எதிரிக்கு ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுப்பதாகத்தான் இது தெரியும். அவரிடம் இரண்டு விசயம் சொல்லுங்கள்.

ஒன்று, இது புதுச் செய்தி இல்லை. ஐநா செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் அரசபடை செல்லடித்தது, ஆஸ்பத்திரிகளைத் தாக்கியது, உணவையும் மருந்தையும் தடுத்தது என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று சொன்ன அதே குழு, புலிகள் சனத்தைப் போகவிடாமல் மறித்ததையும், தப்பிப் போக வெளிக்கிட்டவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனதையும் எழுதியது. இரண்டையும் எழுதியதால்தான் அந்த அறிக்கையை ஒருபக்கச் சார்பு என்று தள்ளிவிட முடியாமல் இருக்கிறது. உங்கள் அப்பாவின் கொப்பிக்கும் அந்தப் பலம் இருக்கிறது. யார் சுட்டாலும் காயக்காரன் காயக்காரன்தான் என்று எழுதிய மனிதர் அவர்.

இரண்டாவது, சட்டத்தில் ஒருவர் செய்த குற்றம் மற்றவருடைய குற்றத்தைக் குறைக்காது. 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனிவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை, உள்நாட்டுப் போரில் அரசையும் ஆயுதக் குழுவையும் ஒரே மாதிரிக் கட்டுப்படுத்துகிறது. புலிகள் சனத்தை மறித்து வைத்திருந்தார்கள் என்பதால் அந்தச் சனம் பொதுமக்கள் இல்லாமல் போய்விடவில்லை. அவர்கள் மேல் செல்லடிக்க யாருக்கும் உரிமை வந்துவிடவும் இல்லை. ஆகவே அந்த ஒரு பக்கம் மற்றப் பக்கங்களைப் பலவீனமாக்கும் என்ற பயம் வேண்டாம்.

அப்புறம் அந்த 4 பேர். அவர்களும் எங்கள் சனம். அவர்களுக்கும் தாய் தகப்பன் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு இந்த உலகத்தில் எழுத்தில் இருப்பது உங்கள் அப்பாவின் அந்தப் பக்கம் மட்டும்தானோ என்னவோ. அதை அழிக்கிற உரிமை உங்களுக்கும் எனக்கும் பெரியப்பாவுக்கும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு சாதாரணக் கொப்பி நீதிமன்றத்தில் நிற்குமா என்று நீங்கள் யோசிக்கலாம். நிற்கும். பொஸ்னியாவில் 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த படுகொலைக்காக ஜெனரல் கிர்ஸ்டிச் என்பவரை ஹேக் நகரத்து யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் விசாரித்தபோது, முக்கியமான சான்றுகளில் ஒன்று கையெழுத்துக் கொப்பிகள். எதிர்ப்படையின் வானொலிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்ட ஆட்கள் ஒலிநாடாவில் பதிந்து, பிறகு கையால் கொப்பியில் எழுதி வைத்தவை. பிரதிவாதி தரப்பு அவற்றை நம்ப முடியாது என்று வாதாடியது. எழுதியவர்களையே கூண்டில் ஏற்றி, எப்படி எழுதினார்கள் என்று கேட்டு, வேறு சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 2001 ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. அழகான எழுத்தோ ரப்பர் முத்திரையோ அங்கே பெரிதாக எடுபடவில்லை. சம்பவம் நடந்த நேரத்திலேயே எழுதியது, ஒரே முறையில் எழுதியது, பிறகு யாரும் கைவைக்காதது: நீதிபதிகள் தேடுவது இவற்றைத்தான்.

உங்கள் கொப்பியின் பெறுமதி எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ஆஸ்பத்திரிக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அங்கே காயப்பட்ட போராளி கிடந்தாலும் அந்தப் பாதுகாப்புப் போகாது. காயப்பட்டு ஆயுதத்தை விட்டவர் சட்டத்தின் கண்ணில் போரிடுகிறவர் இல்லை. ஆஸ்பத்திரியை வைத்து எதிரிக்குத் தீங்கு செய்தால் மட்டும்தான் பாதுகாப்புப் போகும். அப்போதும் முதலில் எச்சரித்து, நேரம் கொடுத்து, அதை மீறினால்தான். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி 2009 ஜனவரி 29 முதல் பெப்ரவரி 4 வரை ஒவ்வொரு நாளும் தாக்கப்பட்டது, குறைந்தது 9 தடவை செல் நேரடியாக விழுந்தது என்று அந்த நிபுணர் குழு எழுதியிருக்கிறது. அதன் அமைவிடம் படைக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. அதன்பிறகுதான் மாத்தளன் பள்ளிக்கூடத்தில் தறப்பாளும் மேசையுமாக உங்கள் அப்பா வேலை செய்த ஆஸ்பத்திரி.

இப்படியான இடத்தில் யார் காயப்பட்டு வந்தார்கள் என்பதுதான் பெரிய சர்ச்சை. வன்னிக்குள் 70 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். உள்ளேயிருந்து கணக்குச் சொன்ன வைத்தியர்கள் பிறகு கைதானார்கள். 2009 ஜூலையில், தடுப்பில் இருந்தபடியே, முன்னர் சொன்ன எண்ணிக்கை பிழை என்று கொழும்பில் ஊடகங்களுக்கு முன்னால் சொல்ல வைக்கப்பட்டார்கள். மனிதரை மிரட்டி வாய்ப்பேச்சை மாற்றலாம். அன்றைக்கே எழுதிய வயதுப் பட்டியலை மாற்ற முடியாது. ஒரு நாளில் வந்தவர்களில் கைக்குழந்தை எத்தனை, 60 தாண்டியவர்கள் எத்தனை, காயம் செல் துண்டா துவக்குச் சூடா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மார் மேலும் பிள்ளைகள் மேலும் செல் விழுந்ததும், செத்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்ததும் பதிவாகியிருக்கிறது. அந்தத் திகதியில் உங்கள் கொப்பியில் என்ன இருக்கிறது என்று நான் இங்கே கேட்கவில்லை. நீங்களும் எங்கேயும் பகிரங்கமாகச் சொல்லாதீர்கள். விசாரணையாளர் ஒருவர் தனியாக இருந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விசயம் அது.

சரி, இப்போது கொப்பியை என்ன செய்வது?

லாமினேட் செய்யாதீர்கள். எங்கள் வீடுகளில் பெறுமதியான கடதாசி என்றாலே லாமினேட் செய்யத்தான் ஓடுவோம். அந்தச் சூட்டிலும் பசையிலும் மையைப் பரிசோதிக்கிற வழி அடைபட்டுப் போகும். கிழிந்த இடத்துக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். மங்கிய எழுத்தின் மேல் பேனையால் எழுதாதீர்கள். அப்பா ஒரு ஊரின் பேரைப் பிழையாக எழுதியிருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும். யாராவது வந்து, "இது எங்கட சித்தி, முழுப்பேரை எழுதிவிடுங்கோ" என்று கேட்டாலும் வேறொரு தாளில் குறியுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். அமிலம் இல்லாத கடதாசி உறை கடையில் கிடைக்கும், அதற்குள் வையுங்கள். ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்ட் கூடாது, ஈரம் பிடிக்கும். சாமித்தட்டும் கூடாது. வங்கிப் பெட்டகம் நல்லது.

வைக்க முன்னர் ஒருதடவை படமெடுங்கள். முன்னட்டை, பின்னட்டை, எழுதிய பக்கம், எழுதாத பக்கம் எல்லாம் வரிசையாக, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, பகல் வெளிச்சத்தில். எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எப்போது எந்தக் கருவியில் எடுத்தது என்ற தகவலையும் உதிர்த்துவிடும். நேராக இரண்டு யுஎஸ்பியில் பதிந்து, இரண்டு இடத்தில் வையுங்கள். கணினி தெரிந்த பிள்ளை ஒருவரிடம் சொல்லி ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எண் எடுத்து வையுங்கள். கோப்பின் கைரேகை மாதிரி அது. பிறகு ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

அதோடு ஒரு தாளில், கொப்பி வந்த வழியை எழுதிக் கையெழுத்து வையுங்கள். அப்பா எப்போதிலிருந்து எழுதினார், அம்மாவிடம் எந்த நாள் கொடுத்தார், கப்பலால் இறங்கி முகாமில் இருந்தபோது அது எங்கே இருந்தது, கனடாவுக்கு யார் கொண்டுவந்தது, இதுவரை யார் யார் அதைத் திறந்து பார்த்தது. நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதுங்கள். அப்பாவின் வேறு கையெழுத்து, பழைய கடிதமோ சம்பளப் பற்றுச்சீட்டோ இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், ஒப்பிட உதவும்.

அம்மாவின் வாக்குமூலம் இந்தக் கொப்பியளவு முக்கியம். அதனால்தான் அவரைத் தொலைபேசியில் கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள் என்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சின்ன வித்தியாசம் வரும். அது மனித நினைவின் இயல்பு, பொய் இல்லை. ஆனாலும் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு நிற்கும். அதைவிடப் பெரிய காரணம், ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பவும் அந்தக் கடற்கரைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. பயிற்சியுள்ள ஒருவர், ஒருதடவை, அம்மா விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில் கேட்பதுதான் முறை. பாதியில் நிறுத்தச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அதற்கு முன்னர் யூடியூப் வீடியோக்களைப் போட்டுக் காட்டி நினைவூட்ட வேண்டாம்.

அம்மாவின் பயம் வீண் பயம் இல்லை. 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், நினைவேந்தல் படங்களைப் பேஸ்புக்கில் போட்டதற்காகக்கூடக் கைதானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதைப் பற்றிச் சாதாரணத் தொலைபேசியில் அம்மாவோடு பேசாதீர்கள். பக்கங்களின் படத்தை அவருக்கு அனுப்பாதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது கொப்பியையோ அந்தப் படங்கள் உள்ள போனையோ கொண்டுபோகாதீர்கள்.

இதனால்தான் தம்பியின் யோசனைக்கும் நான் வேண்டாம் என்று சொல்கிறேன். தம்பியின் அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கொப்பியில் இருப்பவர்கள் நோயாளிகள். 17 வயதுப் பெண்பிள்ளைக்கு உடம்பில் எந்த இடத்தில் காயம் என்று பேரோடும் ஊரோடும் எழுதியிருக்கும். அவர் இன்றைக்குக் கலியாணம் முடித்துப் பிள்ளை குட்டியோடு முல்லைத்தீவில் இருக்கலாம். கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை ஒன்றின் பேருக்குப் பக்கத்தில் 'இயக்கம்' என்று எழுதியிருந்தால், அது இன்றைக்கும் பொலிஸை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும். இன்னொரு பக்கம், மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று காத்திருக்கும் தாய், அவன் பேருக்குப் பக்கத்தில் புள்ளடி இருப்பதை யாரோ பகிர்ந்த படத்தில் பார்க்கக்கூடாது. தம்பிக்கு இதைச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

யாரிடம் கொடுக்கலாம்? ஜெனிவாவில் ஐநா மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்துக்குள், மனித உரிமைப் பேரவையின் 2021 மார்ச் தீர்மானத்தால் உருவான இலங்கைப் பொறுப்புக்கூறல் பிரிவு ஒன்று இருக்கிறது. சான்றுகளைச் சேர்த்து, பாதுகாத்து, பிற்கால வழக்குகளுக்காக ஆய்வு செய்வது அதன் வேலை. அது யாரையும் தண்டிக்காது, அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தில் இலங்கை சேராததால், ஐநா பாதுகாப்புச் சபை அனுப்பினால் அல்லது இலங்கையே ஒப்புக்கொண்டால் தவிர அங்கே போவது கடினம். வழி இருப்பது மற்ற நாடுகளின் நீதிமன்றங்களில். நீங்கள் இருக்கும் கனடாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து போர்க் குற்றங்களுக்கான தனிச் சட்டம் இருக்கிறது. ருவாண்டாவில் செய்த குற்றத்துக்காக ஒருவரை மொன்றியல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது 2009 மே மாதம்; முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த அதே கிழமை. சிரிய உளவுத்துறை அதிகாரி ஒருவருக்கு ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்தில் 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர், லொறியில் வந்த உடல்களைப் புதைக்கும் வேலை செய்த மனிதர். முகத்தை மறைத்துக்கொண்டு, பேர் சொல்லாமல் சாட்சி சொல்ல நீதிமன்றம் இடம் கொடுத்தது. அதிகாரியின் குற்றத்தை நிரூபிக்க உங்கள் அப்பாவைப் போன்ற ஒரு சிற்றூழியரின் வார்த்தை உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களிடம் அசலைக் கேட்கும் அமைப்பு நல்ல நோக்கத்தோடு கேட்கலாம். இருந்தாலும் அசலைக் கொடுக்காதீர்கள். பிரதியை வைத்துத் தொடங்கட்டும். எங்கே வைப்பார்கள், யார் பார்ப்பார்கள், வேறு யாருக்கும் கொடுக்க முன்னர் உங்களிடம் கேட்பார்களா, நீங்கள் மனம் மாறினால் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் தராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். காசு தருகிறோம் என்று யாராவது சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள், கொப்பியை விலைக்கு விற்றார்கள் என்று நாளைக்கு வரும். அம்மாவின் சம்மதம் இல்லாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இதில் ஒன்றை மட்டும் வழக்குகளுக்காகக் காத்திருக்காமல் செய்யலாம். அந்த 'க' அடையாளம். 2009 பெப்ரவரி முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு காயக்காரரும் கூட வந்தவர்களுமாக ஏறத்தாழ 14 ஆயிரம் பேரைக் கடல் வழியாகக் கொண்டுபோனது. உயிரோடு கப்பலில் ஏறிய ஒருவர் பிறகு காணாமல் போயிருந்தால், கடைசியாக எங்கே இருந்தார் என்பதற்கு உங்கள் கொப்பி சாட்சி. அதே குழுவிடம் இலங்கையில் காணாமல் போனவர்கள் பற்றி 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் இருக்கின்றன. அவர்கள் இரகசியம் காப்பவர்கள், தங்களுக்குத் தெரிந்ததை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. அதனால் வழக்குக்கான சான்றாக இதை அவர்களிடம் கொண்டுபோவதில் பயன் இல்லை, தேடும் குடும்பங்களுக்காகக் கொண்டுபோகலாம். கனடாச் செஞ்சிலுவைச் சங்கத்தில் குடும்பத் தொடர்புகளுக்கான பிரிவு இருக்கிறது. கொப்பியில் எப்படியான விபரம் இருக்கிறது என்று மட்டும் முதலில் சொல்லி, எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள்.

இவ்வளவையும் ஒரு கிழமைக்குள் செய்து முடிக்க வேண்டியதில்லை. போர்க் குற்றத்துக்குக் காலாவதி கிடையாது. படமெடுத்துப் பெட்டகத்தில் வைப்பதை மட்டும் உடனே செய்யுங்கள். மற்றதை அம்மாவை நேரில் காணும்போது பேசுங்கள். அவர் இப்போது வேண்டாம் என்றால், வேண்டாம்தான். அப்படியானால் உங்களுக்குப் பிறகு கொப்பி யாரிடம் போக வேண்டும், யாரிடம் போகக்கூடாது என்று உங்கள் மரணசாசனத்தில் ஒரு பந்தி எழுதி வையுங்கள். ஒரு பக்கமும் குறையாமல் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள்.